ஊளம்பாறையிலிருந்து திரும்பி வர ஒரு வீடு

நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே, அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று நின்று நின்று வரும் பஸ்ஸில் கொஞ்ச நேரம் காது கொடுத்து உட்கார்ந்திருந்தால் இந்த வசவு காதில் விழும்: "ஒன்னைய ஊளம்பாறைக்குத்தான் அனுப்பணும்." மலையாளத்தில் சொன்னாலும் தமிழில் சொன்னாலும் ஊர்ப்பெயர் மாறாது. களியக்காவிளையில் மாநில எல்லை தாண்டி மார்த்தாண்டம் பக்கம் போன பிறகும் அதே ஊளம்பாறைதான். நாகர்கோவிலைத் தாண்டி வடக்கே போகப் போகத்தான் அது கீழ்ப்பாக்கம் ஆகிறது.

ஊளம்பாறை என்பது திருவனந்தபுரத்தில் பேரூர்க்கடைக்குப் பக்கத்தில் உள்ள ஓர் இடம். திருவிதாங்கூர் அரசு 1870இல் தொடங்கிய மனநல மருத்துவமனை இன்று இருப்பது அங்கே. கீழ்ப்பாக்கத்து மருத்துவமனையின் வரலாறு 1794 வரை பின்னால் போகிறது. இரண்டு இடங்களிலும் சாதாரண மனிதர்கள் வீடு கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பி, நிம்மதியாக வாழ்கிறார்கள். ஆனால் தலைமுறை தலைமுறையாக நம் வாயில் அந்த ஊர்ப்பெயர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: போனால் திரும்பி வராத இடம்.

இந்த அர்த்தம் வெறும் வசவாக மட்டும் இருந்திருந்தால் விட்டுவிடலாம். பாதி உண்மையாகவும் இருப்பதுதான் கொடுமை. மனச்சிதைவுக்கு மருந்து உண்டு. இருமுனைக் கோளாறுக்கு மருந்து உண்டு. சில வாரங்களில், சில மாதங்களில் தெளிந்து, தன் பெயரும் ஊரும் தெரிந்து, சமைக்கவும் துவைக்கவும் கணக்குப் பார்க்கவும் முடிகிற நிலைக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். மருத்துவர் டிஸ்சார்ஜ் எழுதிவிடுகிறார். அதன் பிறகுதான் தடங்கல். அண்ணன் போனை எடுப்பதில்லை. அக்காள் மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், முடியட்டும் என்கிறார்கள். பூர்வீக வீட்டைப் பாகம் வைத்து விற்றாயிற்று. அம்மா உயிரோடு இருந்தவரை மாதம் ஒரு தடவை பஸ் பிடித்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள், இப்போது அவளும் இல்லை. நோய் போன பிறகும் ஆள் வார்டிலேயே இருக்கிறார். ஆண்டுகள் போகின்றன.

நமது சட்டம் இதைத் தெளிவாகவே பேசுகிறது. 2017ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றி, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது மனநோய் உள்ள ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் யாரையும் மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. வீட்டார் கைவிட்டிருந்தால், குடும்ப வீட்டில் வாழ்வதற்கான உரிமையைக் கேட்டுப் பெற அரசு சட்ட உதவி தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. குழு இல்லங்களையும் இடைநிலை இல்லங்களையும் அரசு ஏற்படுத்தவோ ஏற்படுத்த உதவவோ வேண்டும். எழுத்தில் எல்லாம் இருக்கிறது. வீடுதான் இல்லை.

அந்த வீட்டுக்கு யார் பணம் கொடுப்பது, அந்தப் பணத்தை எப்படித் திரட்டுவது என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம். மனநலத்துக்காக நடக்கும் நிதி திரட்டும் விழாக்களும் அதில் அடக்கம்.

கவிஞர் போய்ப் பார்த்த வார்டு

நெய்யாற்றின்கரைக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பெயர்களில் ஒன்று போதேஸ்வரன். விடுதலைப் போராட்ட வீரர், கவிஞர், கேரளத்தின் புகழைப் பாடிய 'கேரளகானம்' எழுதியவர். அவருடைய மகள்தான் சுகதகுமாரி. சைலன்ட் வேலி மழைக்காட்டைக் காப்பாற்றிய போராட்டத்தின் முன்வரிசையில் நின்ற மலையாளக் கவிஞர் என்று தமிழ் வாசகர்களுக்கு அவரைத் தெரியும். அவருடைய வாழ்க்கையின் இன்னொரு பாதி நம்மில் பலருக்குத் தெரியாது.

எண்பதுகளின் நடுவில் சுகதகுமாரி ஊளம்பாறை மருத்துவமனைக்குள் போனார். பெண்கள் வார்டில் அவர் பார்த்தது நோயாளிகளை அல்ல, உடுக்கத் துணியின்றி எலும்பும் தோலுமாக அடைத்து வைக்கப்பட்டிருந்த மனிதர்களை. வெளியே வந்தவர் சும்மா இருக்கவில்லை. பத்திரிகைகளில் எழுதினார், மேடைகளில் பேசினார், அரசின் கதவைத் தட்டினார். மருத்துவமனையின் மதில்களுக்குள் நடப்பது அதன் பிறகுதான் ஊர்ப்பேச்சு ஆனது. 1985இல் 'அபயா' என்ற அமைப்பு பிறந்தது.

காட்டைக் காக்கப் போன ஒருவர் மனநல மருத்துவமனைக்கு ஏன் போனார் என்று அப்போது கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். எனக்கு அந்த இரண்டும் வேறு வேறாகத் தெரியவில்லை. தனக்காகப் பேச முடியாதவற்றுக்காகப் பேசுவதே அவருக்கு வேலையாக இருந்தது.

அபயாவின் பெரிய வளாகமான 'அபயகிராமம்' இருப்பது மலையின்கீழில். இன்று அது காட்டாக்கடை தாலுகா. 2014இல் காட்டாக்கடை தனித் தாலுகா ஆகும்வரை மலையின்கீழ் நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்ததுதான். 1992இல் தலாய் லாமா அங்கே அடிக்கல் நாட்டினார். வீடு இல்லாத பெண்களும், மனநோயிலிருந்து மீள்பவர்களும், குடியிலிருந்து மீள வந்தவர்களும் தங்கிச் சிகிச்சை பெற அங்கே இடம் கிடைத்தது. 2020 டிசம்பர் 23 அன்று கொரோனா சுகதகுமாரியைக் கொண்டுபோனபோது தமிழ்ப் பத்திரிகைகள் பெரும்பாலும் அவரைச் சூழலியல் கவிஞர் என்றே எழுதின. அபயாவைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பைத்தியம் என்ற பெயர் மனிதர்கள் மேல் எப்படி ஒட்டிக்கொள்கிறது என்பதைத் திரையில் காட்டிய படம் ஒன்று உண்டு. 1987இல் லோகிததாஸ் கதை எழுதி, சிபி மலையில் இயக்கி, மம்மூட்டி நடித்த 'தனியாவர்த்தனம்'. தாய்மாமனுக்குப் பைத்தியம் என்பதால் பாலன் மாஸ்டருக்கும் பைத்தியம் வரும் என்று ஊர் முடிவுகட்டிவிடுகிறது. நன்றாக இருந்த பள்ளி ஆசிரியரை ஊரும் உறவும் சேர்ந்து நோயாளி ஆக்கிவிடுகின்றன. கடைசியில் தாய் தன் கையாலேயே விஷம் கலந்த சோற்றை ஊட்டுகிறாள். எல்லையோரத்தில் எந்த வீட்டில் அந்தப் படம் ஓடினாலும் கடைசிக் காட்சியில் பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அவரவர் குடும்பத்திலும் மாடியறையோ பின்கட்டோ ஏதோ ஒன்று நினைவுக்கு வரும்.

1999இல் ஒரு மேடை

சென்னையில் 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்ற இரண்டு இளம்பெண்கள், தெருவில் தன்னிலை மறந்து அலைந்த ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். எங்காவது சேர்த்துவிடலாம் என்று அலைந்தார்கள். சேர்த்துக்கொள்ள இடம் கிடைக்கவில்லை. அப்படித் தொடங்கியதுதான் 'பான்யன்' அமைப்பு. வீடற்ற, மனநோய் உள்ள பெண்களுக்கு அது தந்த முதல் இடத்தின் பெயர் 'அடைக்கலம்'.

அந்த அமைப்புக்காக 1999இல் இயக்குநர் மணிரத்னம் மேடையேற்றிய நட்சத்திர நிகழ்ச்சிதான் 'நேற்று இன்று நாளை'. நம் ஊரில் நட்சத்திரக் கலைவிழா புதிதல்ல. புயலுக்கு, வெள்ளத்துக்கு, போர் நிதிக்கு, நடிகர் சங்கக் கட்டடத்துக்கு என்று எத்தனையோ நடந்திருக்கின்றன. ஆனால் தெருவில் அலையும் மனநோயாளிப் பெண்ணுக்காக ஒரு பெரிய மேடை என்பது அன்றைக்குக் கேள்விப்படாத விஷயம். அதே 1999இன் கடைசியில்தான் 'சேது' படம் வந்தது. காதலில் அடிபட்டு மனம் பேதலித்தவனைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருந்த இடத்தைப் பார்த்துத் தமிழ்நாடே அழுதது. ஆனாலும் அந்தச் சங்கிலி சினிமாச் சங்கிலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

இரண்டே ஆண்டுகள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோயாளிகள் விடுதி ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடி தர்காவை நம்பித் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. திருவனந்தபுரத்திலிருந்தும் எல்லையோர ஊர்களிலிருந்தும் ரயிலோ வேனோ பிடித்து நோயாளியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார்கள். விட்டுவிட்டு வந்தவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். மருந்து தரும் இடம் தூரத்தில் இருந்தது. இரவு முழுக்கத் தூங்காமல் காவல் காத்து அலுத்துப்போன குடும்பத்துக்கு ஒருநாள்கூட ஓய்வு தர ஆளில்லை. அந்த வெற்றிடத்தில்தான் சங்கிலி வந்து உட்கார்ந்தது. இன்றைய சட்டம் சங்கிலியை முழுக்கத் தடை செய்திருக்கிறது. வெற்றிடத்தை நிரப்ப வேண்டியது நாம்தான்.

கட்டடத்தை விட்டு வாடகை வீட்டுக்கு

நிதி விழாவில் சேரும் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. அது கட்டடத்தைத் தேடிப் போகும். கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம், ரிப்பன் வெட்டலாம். வாடகைக்கும் உதவியாளரின் சம்பளத்துக்கும் கல்வெட்டு கிடையாது. அதனால்தான் மனநலத்துக்கென்று திரட்டிய பணத்தில் பெரிய கூடங்கள் எழும்பின. நூறு கட்டில், நூறு தட்டு, ஒரே மணிக்குச் சாப்பாடு, ஒரே மணிக்கு விளக்கணைப்பு. பட்டினியும் தெருவும் இல்லாத இடம் என்ற வகையில் அது பெரிய உபகாரம்தான். ஆனால் அது வீடு ஆகாது.

இதைப் பான்யனே தன் அனுபவத்தில் கண்டுகொண்டது. அடைக்கலத்தில் தேறிய பெண்களில் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. ஆனால் வீடே இல்லாதவர்கள், திரும்பப் போக விரும்பாதவர்கள், போய்ச் சில மாதத்தில் மீண்டும் துரத்தப்பட்டவர்கள் என்று ஒரு கூட்டம் அங்கேயே தங்கிவிட்டது. அவர்களுக்காக 2015இல் தொடங்கியதுதான் 'ஹோம் அகெய்ன்'. ஏற்பாடு எளிது. சாதாரணத் தெருவில், சாதாரணக் கிராமத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடிக்கிறார்கள். ஒருவருக்கொருவர் ஒத்துப்போகிற நாலைந்து பேர், தாங்களே சேர்ந்து முடிவு செய்து அங்கே குடிபோகிறார்கள். எவ்வளவு உதவி தேவையோ அந்த அளவுக்கு ஓர் உதவியாளர் கூட இருக்கிறார். மருந்து தொடர்கிறது. சந்தைக்கு அவர்களே போகிறார்கள். என்ன குழம்பு என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். கறிவேப்பிலை இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்குகிறார்கள்.

இந்தக் கறிவேப்பிலைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நூறு கட்டில் கூடத்தில் யாரும் யாரிடமும் கறிவேப்பிலை கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டிய அவசியமும், கொடுக்க ஒரு பக்கத்து வீட்டுக்காரியும் இருக்கும் இடத்தில்தான் மனிதர் மறுபடி ஊருக்குள் வருகிறார்.

தமிழ்நாட்டில் தொடங்கிய இந்த ஏற்பாடு கேரளத்துக்கும் அசாமுக்கும் போயிருக்கிறது. 2021இல் உலக சுகாதார அமைப்பு சமூகம் சார்ந்த மனநலச் சேவைகளுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டபோது, உலகம் முழுவதிலுமிருந்து எடுத்துக்காட்டிய நல்ல முன்மாதிரிகளில் சென்னையின் ஹோம் அகெய்னும் ஒன்று.

இந்த யோசனைக்கு உலகில் மிகப் பழைய முன்னோடி பெல்ஜியம் நாட்டின் ஹேல் என்ற சிற்றூர். புனித டிம்ப்னா கோவிலுக்கு நேர்த்திக்கடனாக வந்த மனநோயாளிகளை அவ்வூர்க் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாகத் தங்கள் வீட்டில் வைத்துப் பராமரிக்கின்றன. 2023இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபாக அங்கீகரித்தது. வழிபாட்டுத் தலத்தைத் தேடித்தான் ஹேலுக்கும் வந்தார்கள், ஏர்வாடிக்கும் வந்தார்கள். ஹேலில் ஊர் தன் வீட்டுக் கதவைத் திறந்தது. இத்தாலியில் பிராங்கோ பசாலியா என்ற மருத்துவரின் போராட்டத்தால் 1978இல் மனநோய்க் காப்பகங்களை மூட நாடு தழுவிய சட்டமே வந்தது. மூடிய பிறகு எங்கே வாழ்வது என்ற கேள்விக்குப் பதிலாக அந்நாட்டின் ட்ரியஸ்டே நகரம் வீடுகளையும் வேலைகளையும் தேடிக்கொடுத்தது.

தமிழ்நாட்டில் இந்த எண்ணத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் டாக்டர் சாரதா மேனன். மலையாளக் குடும்பத்தில் பிறந்து, 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். ஓய்வுக்குப் பின் 1984இல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். மருந்து மட்டும் போதாது, வேலையும் பழக்கமும் மரியாதையும் சேர்ந்தால்தான் ஆள் தேறுவார் என்பதைச் செய்து காட்டினார்.

கோட்டின் இரண்டு பக்கமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் இந்த விஷயத்துக்கு இன்னொரு முடிச்சு உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அன்று சென்னை மாநிலமாக இருந்த தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரையும் வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டது. கிடைக்கவில்லை. கோடு விழுந்தது. ஆனால் கல்யாணமும் சொத்தும் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. அம்மா வீடு கொல்லங்கோட்டில், அப்பா வீடு காரோட்டில், ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், பத்து சென்ட் மண் இன்னொரு மாநிலத்தில் என்று வாழும் குடும்பங்கள் ஏராளம். வீட்டுக்குள் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும்.

உடம்புக்கு நோய் வந்தால் இது பெரிய சிக்கல் இல்லை. காய்ச்சலுக்கு எந்த மொழியும் ஒன்றுதான். மனநோய்க்கு மொழிதான் ஸ்டெதஸ்கோப். "நெஞ்சுக்குள்ள ஒரு எரிச்சல், வெப்ராளமா வருது" என்று ஒரு பாட்டி தன் பேச்சில் சொல்வதை, அதே பேச்சில் கேட்கத் தெரிந்தவர்தான் புரிந்துகொள்ள முடியும். எல்லைக் கிராமத்துப் பேச்சு திருவனந்தபுரத்து மலையாளமும் இல்லை, மதுரைத் தமிழும் இல்லை. மாவட்ட மனநலத் திட்டம் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1999இலேயே தொடங்கிவிட்டது, மருந்து தாலுகா அளவுக்கு வந்திருக்கிறது. கேட்கும் காதும் அதே ஊர்க்காரருடையதாக இருந்தால் பாதி நோய் அங்கேயே பிடிபடும். தமிழ் தெரிந்த ஆஷா பணியாளரும், குடும்பஸ்ரீ சுயஉதவி அயல்கூட்டத்துப் பெண்களும் இந்த ஊர்களில் செய்யக்கூடிய வேலையை எந்தப் பெரிய டாக்டரும் தனியாகச் செய்துவிட முடியாது. கோழிக்கோட்டில் 2008இல் டாக்டர் டி. மனோஜ்குமார் தொடங்கிய மென்டல் ஹெல்த் ஆக்ஷன் டிரஸ்ட் இப்படித்தான், பாலியேட்டிவ் தொண்டர்களின் பாணியில், ஊர்த் தொண்டர்களை வைத்தே ஏழைகளுக்கு இலவச மனநலச் சேவை தருகிறது.

களியக்காவிளை பஸ் நிலையத்தில் ஒருவர் அழுக்கு மூட்டையோடு பத்து நாளாக உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிறவர்கள் சாயா வாங்கிக் கொடுப்பார்கள். அதற்கு மேல் யார் பொறுப்பு? இந்தப் பக்கம் களியக்காவிளை போலீஸ், அந்தப் பக்கம் பாறசாலை போலீஸ். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சந்தேகத்துக்கு இடம் வைக்கவில்லை. தன் எல்லைக்குள் அலைந்து திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அந்தக் காவல் நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீடற்றவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். நாம் செய்யக்கூடியது அதை நினைவுபடுத்துவது, கூட ஒரு ஆளாகப் போவது. அந்த ஆள் தானாக நடந்து எல்லைக்கு அப்பால் போகட்டும் என்று காத்திருப்பதும் ஒரு வகையில் கைவிடுதல்தான்.

அரசு உதவிகளிலும் கோட்டின் வேலை தெரியும். கேரளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் தீவிர மனநோயாளிகளையும் வீட்டில் பராமரிப்பவருக்கு 'ஆஸ்வாசகிரணம்' என்று மாதம் 600 ரூபாய் உண்டு. ஒருவரை இரவும் பகலும் பார்த்துக்கொள்வதற்கான தொகை அது. 'லைஃப் மிஷன்' திட்டத்தில் வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் கிடைக்கும். மண் இல்லாதவர்களுக்கு மண் திரட்ட 'மனசோடு இத்திரி மண்ணு' என்ற இயக்கமும் நடந்தது. இவற்றுக்கெல்லாம் கார்டு வேண்டும், முகவரி வேண்டும், வில்லேஜ் ஆபீஸ் ஏறி இறங்க ஆள் வேண்டும். முப்பது வருடம் வார்டில் இருந்துவிட்டு வருபவரிடம் இவற்றில் எதுவும் இருக்காது. அவருக்கு நான்கு லட்சத்தில் ஒரு வீடு என்பது முதல்படி அல்ல. முதல்படி, இந்த மாதம் தலைசாய்க்க ஓர் அறை. அடுத்தது, அந்த அறையை வைத்து ஒரு கார்டு.

பிடியரிசி தெரிந்த ஊர்

விழா நடத்தி நிதி திரட்டுவது பணக்கார நகரங்களின் பழக்கம் என்று நினைத்தால் தவறு. இந்த எல்லையோரம் அதில் நகரத்துக்குப் பாடம் சொல்லும். சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடும் பிடியரிசி வழக்கம் இங்கே பாட்டிமார் காலத்திலிருந்து இருக்கிறது. தேவாலயத்து அறுவடைப் பண்டிகையில் ஒரு சக்கையும் ஒரு சேவலும் ஏலத்தில் சந்தை விலையைப் போல எத்தனையோ மடங்குக்குப் போகும். ஏலம் எடுத்தவர் அதைத் திரும்பக் கொடுக்க, மறுபடி ஏலம் நடக்கும். இப்போது இளைஞர்கள் பிரியாணி சேலஞ்ச் நடத்துகிறார்கள். ஆயிரம் பொட்டலம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் விற்று, யாரோ ஒருவரின் சிறுநீரக ஆபரேஷனுக்கோ வீட்டுக் கூரைக்கோ அந்தப் பணம் போகும். வடக்கே புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து இருக்கிறது. ஊர் சேர்ந்து கொடுத்துப் பழகிய மண் இது.

கிட்னிக்குக் கொடுக்கும் கை, மனதுக்குக் கொடுக்கத் தயங்குவதுதான் பிரச்சினை. கிட்னி நோயாளியின் போட்டோ ஃபிளெக்ஸில் வரும், பேர் வரும், தெரு வரும். மனநோயாளி விஷயத்தில் அப்படிச் செய்யக் கூடாது. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குக் கொடுப்பதை அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாது. பல மேடைகளில் தேறியவரை மைக் முன்னால் நிறுத்தி, தன் கதையைச் சொல்லி அழவைத்து, அந்த அழுகையின் சூட்டில் நன்கொடை அறிவிக்கிறார்கள். இதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். வாடகைப் பணத்துக்காக ஒருவர் தன் மானத்தை ஏலம் விட வேண்டியதில்லை. அவர் விழாவுக்கு வரட்டும், முன்வரிசையில் உட்காரட்டும், பாட்டுப் பாடத் தெரிந்தால் பாடட்டும். பாடகி பாறசாலை பி. பொன்னம்மாள் பிறந்த ஊரில் பாட்டுக்காரர்களுக்கா பஞ்சம்?

அப்படி ஒரு விழா இங்கே நடந்தால் பணம் எதற்குப் போக வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாலு பேர் இருக்கும் ஒரு வீட்டுக்கு மாத வாடகை 7,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 84,000. ஐந்து வருடத்துக்கு 4,20,000. லைஃப் மிஷன் ஒரு வீடு கட்டத் தரும் தொகையோடு ஏறக்குறைய சமம். இதில் வாடகை சின்னச் செலவுதான். உணவும் மருந்தும் கரண்ட் பில்லும் உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரியது கூட இருக்கும் உதவியாளரின் சம்பளம். அவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பெண்ணாகத்தான் இருப்பார். அவருக்கு நியாயமான சம்பளமும் வாரம் ஒருநாள் லீவும் தரவில்லையென்றால் அந்த வீடு ஆறு மாதத்தில் கலைந்துவிடும். ஆகவே விழாக்குழுவினர் ஓர் இரவின் வசூலை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு நன்கொடையாளரிடமும் ஐந்து வருடத்துக்கு மாதாமாதம் இவ்வளவு என்று எழுதி வாங்க வேண்டும். பிடியரிசியின் பலமே அது தினமும் விழுவதில்தான் இருக்கிறது. கணக்கைப் பஞ்சாயத்து வாசகசாலைச் சுவரில் தமிழிலும் மலையாளத்திலும் ஒட்ட வேண்டும். கமிட்டியில் நோயிலிருந்து தேறிய இரண்டு பேராவது ஓட்டுரிமையோடு உட்கார வேண்டும்.

இதெல்லாம் பெரிய கனவாகத் தோன்றலாம். தேவையின் அளவைப் பாருங்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் கேரளமும் தமிழ்நாடும் உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலக் கோளாறு இருந்தது. நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் வரை சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தனி வீடெல்லாம் வேண்டாம், சரியான நேரத்தில் மருந்தும் பேச ஒரு ஆளும் போதும். 'டெலி மானஸ்' என்ற அரசு உதவி எண் 14416இல் எந்த நேரமும் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், காசு கிடையாது. வீடு தேவைப்படுகிறவர்கள் அதில் சின்னப் பகுதிதான். ஒரு பஞ்சாயத்துக்கு ஒரு வீடு கிடைத்தாலே நிலைமை மாறத் தொடங்கிவிடும்.

வீடு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்குப் பதில் நம் தெருக்களிலேயே இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேரளத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகள் 10 லட்சத்துக்கும் மேல். பாறசாலை, செங்கல், காரோடு, குளத்தூர், கொல்லங்கோடு பக்கமெல்லாம் வளைகுடாவுக்குப் போன பிள்ளைகள் கட்டிப் போட்ட வீடுகள் இருக்கின்றன. முற்றத்தில் புல் மண்டி, கேட்டில் துரு ஏறி, மாதம் ஒரு தடவை தேங்காய் பொறுக்க மட்டும் யாரோ வந்து திறக்கும் வீடுகள்.

அந்த வீட்டுக்காரர்களிடம்தான் இந்தக் கட்டுரையின் கோரிக்கை. அண்ணன்மாரே, அக்காமாரே, நாளைக்கு ஒரு அமைப்போ பஞ்சாயத்து மெம்பரோ வந்து, ஊளம்பாறையிலிருந்து தேறி வந்த நாலு பேருக்கு உங்கள் வீடு வேண்டும் என்று கேட்டால், தானம் எதுவும் தர வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்லும் அதே வாடகையைச் சொல்லுங்கள், அதே அட்வான்ஸை வாங்குங்கள், அதே பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள். குடிவந்த மறுநாள் காலையில் ஒரு தடவை போய், தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று கேட்டுவிட்டு வாருங்கள்.